மிங்கஸின் 1963 ஆல்பம்: வெட்டி ஒட்டிய இசையை ஜாஸ் என்று சொல்லலாமா?

முகிலன்:
அமெரிக்க இசையமைப்பாளரும் பேஸ் (கனத்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசிப்பவருமான சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி'தான் ஜாஸின் உச்சம் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1963 ஜனவரி 20-ல் பதினோரு பேர் கூடி வாசித்தார்கள், சரி. ஆனால் அப்புறம் டேப்பை வெட்டி ஒட்டினார்கள். சார்லி மரியானோவின் ஆல்டோ சாக்ஸஃபோனில் ஒரு பகுதியைத் தனியாகப் பதிவு செய்து மேலே ஏற்றினார்கள். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் அந்த நொடியிலேயே பதில் சொல்வதுதான் ஜாஸ். ஏற்கெனவே முடிந்துபோன டேப்போடு சேர்ந்து வாசிப்பவருக்கு யார் பதில் சொல்வார்கள்? 1959-ல் வந்த 'மிங்கஸ் ஆ உம்' இதைவிட நேர்மையான ஆல்பம்.

தேன்மொழி:
'ஆ உம்'மிலும் கத்தரி விழுந்திருக்கிறது, முகிலன். இசைத்தட்டில் இடம் போதாமல் பல பாடல்களைச் சுருக்கினார்கள். முழு வடிவங்கள் பல வருடம் கழித்துத்தான் வெளிவந்தன. அதற்கும் முன்னால், 1953-ல் டொராண்டோவின் மாஸ்ஸி ஹாலில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு மிங்கஸ் வாசித்த கச்சேரிப் பதிவில் பேஸ் சரியாக விழவில்லை. தன் சொந்த நிறுவனத்தில் அதை வெளியிட்டபோது, பேஸைத் திரும்ப வாசித்துச் சேர்த்தார். டேப்பும் அவருக்கு ஒரு வாத்தியம்தான்.

'பிளாக் செயிண்ட்' பாலே நடனத்துக்காக நினைத்து எழுதிய இசை. நாற்பது நிமிடமும் ஒரே படைப்பு. எழுதியவர் திரும்பத் திரும்பத் திருத்தியதில் என்ன குறை?

முகிலன்:
திருத்தலாம். ஆனால் ஒட்டிய இடம் காதில் படுகிறதே! ஒரு நொடி முன்னால் வரை அறை முழுக்க நிறைந்திருந்த சத்தம் திடீரென்று வேறு அறைக்குப் போய்விடுகிறது. எனக்கு அங்கே இசை அறுந்துபோகிறது.

கருணா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேருமே குவென்டின் ஜாக்சனை விட்டுவிட்டீர்கள். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவில் இருந்தவர். டிராம்போனின் வாயை ரப்பர் கிண்ணத்தால் மூடி மூடித் திறக்கிறார். மனிதர் ஒருவர் தொண்டை கட்டிக்கொண்டு கெஞ்சுவது போலவே கேட்கிறது. எலிங்டனை மிங்கஸ் எவ்வளவு நேசித்தார் என்பது அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மரியானோ பற்றியும் ஒன்று. பாஸ்டன்காரரான அவர் பின்னாளில் நாதஸ்வரம் கற்று வாசித்தார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு, ஆர். ஏ. ரமாமணி பாட, 'ஜ்யோதி' என்ற ஆல்பமும் செய்தார். அதைக் கேட்டுவிட்டு 1963-க்குத் திரும்பினால், அவருடைய ஆல்டோ ஒரு சுரத்தை வளைத்து வளைத்து அழும் விதம் இன்னும் நெருங்கி வருகிறது.

தேன்மொழி:
அருமை, கருணா. முகிலன், இசைத்தட்டின் முதல் பக்கத் தொடக்கத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். முதலில் டானி ரிச்மண்டின் டிரம்ஸ் மட்டும். அப்புறம் கீழ்ஸ்தாயியில் பித்தளை வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அந்தக் கூட்டத்துக்கு மேலே ஆல்டோ தனியாக எழும்போது, அது எந்த நாளில் பதிவானது என்று எனக்குக் கேட்கவே தோன்றுவதில்லை.

முகிலன்:
நேற்று இரவு ஹெட்போனில் முழுதாகக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில், பதினெட்டு நிமிடம் போல ஓடும் அந்த ஒரே பகுதியில், குழு மெல்ல மெல்ல வேகம் பிடிக்கிறது. இனி தாங்காது என்ற இடத்தில் சட்டென்று இறங்கி மறுபடி ஏறுகிறது. ரிச்மண்ட் யாரையும் தள்ளவும் இல்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. எல்லோரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். இதை எந்தக் கத்தரியாலும் செய்ய முடியாது. இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேலே ஏற்றிய ஆல்டோ அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இல்லாவிட்டாலும் ஆல்பம் நின்றிருக்கும்.

தேன்மொழி:
நின்றிருக்காது. அந்த ஓட்டத்தை நானும் உங்களைப் போலவே நேசிக்கிறேன். ஆனால் பத்துப் பேர் ஓடும்போது ஒருவர் அழுகிறாரே, எனக்கு அந்த ஒருவர் வேண்டும்.