எட்டாவது நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

பிளிட்ஸ் எனப்படும் அதிவேகச் சதுரங்கத்தில் தோற்ற கதை என்றால், நேரம் தீர்ந்து தோற்றதையே பலரும் சொல்வார்கள். நான் தோற்றபோது என் கடிகாரத்தில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது.

வியாசர்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டி அது. ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுதல். நான்காவது சுற்றில் என் எதிரே அமர்ந்தவர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வெள்ளைக் காய் எனக்கு. சிப்பாயை டி4 கட்டத்தில் வைத்தேன் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்), அவர் சற்றும் யோசிக்காமல் இ5 என்று சிப்பாயை எதிரே தள்ளினார். ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து ஆடும் இந்தத் தொடக்கத்துக்கு எங்லண்ட் கேம்பிட் என்று பெயர் என்பது தெரியும். சும்மா கிடைக்கும் சிப்பாயை வெட்டுவதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

சிப்பாயை வெட்டினேன். இரு பக்கமும் ஒரு குதிரை வெளியே வந்தது, அவருடைய ராணி இ7-இல் நின்றது. இ5 சிப்பாயைக் காக்க மந்திரியை எஃப்4-இல் வைத்தேன். ராணி பி4-க்குப் பாய்ந்து செக் வைக்க, மந்திரியை டி2-க்கு இழுத்து மறைத்தேன். அவர் பி2 சிப்பாயை வெட்டி, அதை உள்ளங்கையில் மடக்கியபடியே அதே கையால் கடிகாரத்தை அழுத்தினார். மூலையில் என் யானை அடிபடக் காத்திருந்தது. மந்திரியை சி3-இல் வைத்தால் ராணியைத் தாக்கியதாகவும் ஆகும், யானைக்குக் காவலாகவும் ஆகும் என்று மனம் குளிர்ந்து வைத்தேன். அவர் தம் மந்திரியை பி4-க்குக் கொண்டுவந்த பிறகுதான், என் மந்திரி அசைந்தால் ராஜாவுக்குச் செக் விழும், ஆகவே அந்த ராணியை வெட்டவே முடியாது என்பது உறைத்தது. ராணியை டி2-க்கு நகர்த்தினேன். அவர் மந்திரியை வெட்ட, நான் ராணியால் திருப்பி வெட்ட, அவருடைய ராணி சி1-இல் வந்து இறங்கியது. மேட், என் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை.

"அந்த இடத்துல குதிரையை எடுத்திருக்கணும் தம்பி" என்றார், காய்களை அடுக்கிக்கொண்டே. அவர் சொன்னது சரிதான்: சி3-க்கு மந்திரிக்குப் பதிலாக பி1 குதிரை போனால், வழி திறந்து டி1 ராணியே யானைக்குக் காவலாகிவிடுகிறது, அடுத்து அந்த யானை பி1-க்கு வந்து அவருடைய ராணியை விரட்டலாம். நீண்ட நேர ஆட்டத்தில் தேறாத தொடக்கம் இது. பிளிட்ஸில் ஓட்டையைத் தேட நேரமிருக்காது என்ற தைரியத்தில்தான் ஆடுகிறார்கள். எனக்கு நேரம் இருந்தது, தேடத்தான் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, குதிரை சி3 வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு அதே மண்டபத்துக்குப் போனேன். அவரே எதிராளியாக அமைந்தார், வெள்ளையும் எனக்கே வந்தது. டி4 வைத்தேன். பெரியவர் ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, டி5 வைத்தார்.