அவசரம்: மெயின்ஃபிரேம்ல இருந்து வந்த மாணவர் கோப்பு லினக்ஸ்ல உடையுது, உதவி வேணும்

நிவி_இசிட்டி | காலை 10:52
எல்லாருக்கும் வணக்கம். ஒரு யுனிவர்சிட்டியோட அட்மின் சிஸ்டத்தை மெயின்ஃபிரேம்ல இருந்து லினக்ஸுக்கு மாத்துற ப்ராஜெக்ட்ல இருக்கேன். மாணவர் மாஸ்டர் கோப்பு நேத்து ராத்திரி வந்துச்சு, லோடு ஆக மாட்டேங்குது. பேரு, அட்ரஸ் எல்லாம் சுத்தமா இருக்கு. எண் வர வேண்டிய இடத்துல நட்சத்திரம், அட் குறின்னு என்னென்னமோ வருது. சில ரெக்கார்டு நடுவுல உடைஞ்சு ரெண்டு வரியா ஆயிடுது. போன வாரம் வந்த சாம்பிள்ல ஒரு வரி கூட உடையல. நாளன்னைக்கு டெமோ. ப்ளீஸ்.

சில்க்போர்டு_சிக்னல் | 10:58
எந்த மெயின்ஃபிரேம்? எப்படி அனுப்பினாங்க? ரெக்கார்டு நீளம் நிலையானதா, மாறுறதா? காப்பிபுக், அதாவது எந்த ஃபீல்டு எந்த இடத்துலன்னு சொல்ற பட்டியல், கையில இருக்கா? இதெல்லாம் தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

கேஆர்புரம்_குமரன் | 11:03
எக்செல்ல திறந்து பாத்தீங்களா? எக்செல் எண்ணை எல்லாம் அதுபாட்டுக்கு மாத்திடும். நோட்பேட்ல திறங்க.

மொழிக்குறி | 11:05
கோட் பேஜ், அதாவது எந்த எண் எந்த எழுத்துங்கிற அட்டவணை, அதுலதான் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். மெயின்ஃபிரேமோட எழுத்து முறையான எப்சிடிக்ல 037, 500, 1047ன்னு பல அட்டவணை இருக்கு. சதுர அடைப்புக்குறி ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண்) சொன்னா 037ல பிஏ, பிபி. 1047ல ஏடி, பிடி. தப்பான அட்டவணையில மாத்தினா குறியெல்லாம் இடம் மாறும். 1047 போட்டுப் பாருங்க.

நிவி_இசிட்டி | 11:20
எக்செல் இல்ல, நேரா டெர்மினல்லதான் பாக்குறேன். மெஷின் ஐபிஎம் இசட்/ஓஎஸ், கிளையன்ட் அமெரிக்காவுல. ரெக்கார்டு நீளம் 300, நிலையானது. அவங்க ஆபரேட்டர் எஃப்டிபில அனுப்பியிருக்கார். காப்பிபுக் இருக்கு. 1047 போட்டும் அதேதான் வருது. அங்க இப்போ நடு ராத்திரி, யாரையும் கேக்கவும் முடியல.

பச்சைத்திரை | 11:31
காப்பிபுக் இருக்கிறது என்கிறீர்கள். அதைத் திறந்து படித்தீர்களா? எண்ணை நெருக்கி வைக்கும் காம்ப்-3 என்ற சொல் கண்ணில் படவில்லையா? நாங்கள் ஐஐடி மெட்ராஸில் ஐபிஎம் 370/155 இயந்திரத்தில் அட்டை துளைத்துப் படித்த காலத்தில், ஹெக்ஸில் அச்சான டம்ப்பைக் கையால் வாசிக்கத் தெரியாதவனை மெஷின் அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். இப்போது மைக்ரேஷனுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஹெக்ஸ் தெரியுமா என்றுகூடக் கேட்பதில்லை. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

சில்க்போர்டு_சிக்னல் | 11:36
சார், பதில் தெரிஞ்சா சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு அவசரத்துல கேக்குது.

அல்சூர்_அக்கா | 11:49
நிவி, உடைஞ்ச வரிங்க எத்தனாவது எழுத்துல உடையுதுன்னு எண்ணிச் சொல்லும்மா. எல்லாம் ஒரே இடத்துலயா? அந்த இடத்துல காப்பிபுக்ல என்ன ஃபீல்டு இருக்கு?

நிவி_இசிட்டி | 12:10
பெரும்பாலும் 184 எழுத்தோட நின்னுடுது அக்கா. சிலது 188, சிலது 189. காப்பிபுக்ல 184ல இருந்து கிரெடிட், பிக் எஸ்9(4)வி9 காம்ப்-3. அடுத்து 187ல இருந்து ஃபீஸ் பாக்கி, பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3.

கேஆர்புரம்_குமரன் | 12:14
அப்போ விபிஎன் கட் ஆகியிருக்கும். கோப்பு பாதியில வந்து ஒட்டியிருக்கு. திரும்ப டவுன்லோடு பண்ணுங்க.

அல்சூர்_அக்கா | 12:41
விபிஎன் கட் ஆனா கோப்போட கடைசிதான் போகும் குமரன், ஆயிரம் ரெக்கார்டு தள்ளித் தள்ளி அதே எழுத்துல உடையாது.

நிவி, விஷயம் இதுதான். காம்ப்-3ல ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம். கடைசி அரை பைட் மட்டும் குறி: சி வந்தா கூட்டல், டி வந்தா கழித்தல். உன் கிரெடிட் ஃபீல்டுல புள்ளிக்கு முன்னால நாலு, பின்னால ஒண்ணுன்னு அஞ்சு இலக்கம், ஒரு குறி, ஆக மூணு பைட். 96.5ன்னா 00 96 5சி. இதை எழுத்துன்னு நெனச்சு எஃப்டிபி ஆஸ்கிக்கு (லினக்ஸ் பக்கத்து எழுத்து முறை) மாத்தினா 5சி நட்சத்திரம் ஆகும். 7சி அட் குறி, 6சி சதவீதக் குறி, 4சி கோண அடைப்பு. யுனிவர்சிட்டி மாணவருக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கின்னா குறி டி ஆகும், அப்போ 4டி, 5டி ரெண்டும் வளைவு அடைப்புக்குறியா வரும். நீ பாத்த குப்பை எல்லாம் உண்மையில எண்கள்தான்.

இப்போ வரி உடையுறது. எப்சிடிக்ல ஹெக்ஸ் 25ங்கிறது லைன் ஃபீட். 125.0 கிரெடிட் எடுத்த பிள்ளைக்கு 01 25 0சி. நடு பைட் 185ஆவது இடத்துல இருக்கு. அது அப்படியே புது வரி ஆயிடுச்சு, அதான் 184 எழுத்தோட நிக்குது. பாக்கி 1250 டாலர்ல இருந்து 1259 வரைக்கும்னா 189ஆவது பைட் 25, வரி 188ல நிக்கும். 342.50 மாதிரி தொகைன்னா 190ஆவது பைட், வரி 189ல நிக்கும். சில மாற்று அட்டவணையில 25க்குப் பதிலா 15 புது வரி ஆகும், உன்னுது எதுன்னு நீயே பாத்துக்கோ. சாம்பிள்ல 25, 125 கிரெடிட்காரங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

நான் சொல்றது சரியான்னு பாக்கணும்னா உடைஞ்ச ரெக்கார்டுல ஒரு பத்து ஐடி எடுத்து மெயின்ஃபிரேமோட பழைய 3270 ஸ்க்ரீன்ல போட்டுப் பாரு. இந்தக் கோப்பை ஒட்டுப் போட்டுச் சரி பண்ண மட்டும் உக்காராதே. வேற வேற பைட்டுங்க ஒரே எழுத்தா மாறியிருந்தா எது எதுன்னு பிரிக்க வழியே இல்ல. பைட்டை மாத்தாம அப்படியே அனுப்புற பைனரி மோடுல திரும்ப அனுப்பச் சொல்லு. பேரு, அட்ரஸை மட்டும் எழுத்தா மாத்தணும், காம்ப்-3ஐ காப்பிபுக் பாத்து ஃபீல்டு ஃபீல்டா பிரிக்கணும். தசமப் புள்ளி கோப்புல இருக்காது, காப்பிபுக்ல வி எங்கேன்னு பாத்து நீதான் போடணும்.

மொழிக்குறி | 12:50
அக்கா சொல்றது சரிதான். ஆனா பேரு ஃபீல்டுக்காவது கோட் பேஜ் எதுன்னு கேட்டு வாங்கணும். நான் அதுலயே நிக்குறேன்.

பச்சைத்திரை | 1:05
பைனரி எதற்கு? அங்கேயே டிஎஃப்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் நிரலில் ஒரு அவுட்ரெக் கட்டளை போட்டு பேக்டு (காம்ப்-3) எண்களை விரித்து அனுப்பச் சொன்னால் போதும். டெக்ஸ்ட் மோடிலேயே வரும். ஐந்து நிமிட வேலை.

அல்சூர்_அக்கா | 1:12
விரிக்கிறதுன்னா குறியைத் தனியா எழுதச் சொல்லணும் சார். வெறும் சோன்டுக்கு, அதாவது ஒரு பைட்டுக்கு ஒரு இலக்கமா, மாத்தினா கடைசி இலக்கத்து மேல குறி ஏறி உக்காந்துக்கும். கூட்டல் 1 ஏ ஆகும், கழித்தல் 1 ஜே ஆகும், கூட்டல் பூஜ்யம் நெளிவு அடைப்பு. அதைப் பாத்துட்டு இந்தப் பொண்ணு இன்னொரு இழை போடணும். தவிர, அங்க ஜேசிஎல் (வேலையை ஓட்டுற கட்டளைக் கோப்பு) மாத்த யார் அனுமதி தரணும்னு நமக்குத் தெரியாது. மோடு மாத்தி அனுப்புறது ஆபரேட்டர் கையிலயே இருக்கு.

ஜாவா_ஜெயநகர் | 1:30
பிரிச்சதுக்கு அப்புறம் பாக்கித் தொகையை டபுள்ங்கிற பைனரி எண் வகையில வச்சுக்கோங்க, வேகமா இருக்கும்.

சில்க்போர்டு_சிக்னல் | 1:33
தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பத்து காசைக் கூட டபுள் சரியா வச்சுக்காது, பைனரில 0.1க்கு முடிவே கிடையாது. பழைய சிஸ்டம் இத்தனை வருஷமா பைசா பிசகாம கணக்கு வச்சதே பேக்டு டெசிமல்னாலதான். டேட்டாபேஸ்ல நியூமெரிக், ஜாவால பிக்டெசிமல் வகையில வைங்க.

ஜாவா_ஜெயநகர் | 1:41
கடைசில ரவுண்ட் பண்ணா சரியாயிடும். அதுக்காக அறுபதுகளோட முறையைத் தலையில தூக்கி வச்சுக்கணுமா? கோபால் மொழில எழுதின புரோகிராமை எல்லாம் தூக்கிப்போட்டு ரெடிமேட் ஈஆர்பி (நிர்வாக மென்பொருள்) வாங்கினாலே இந்தத் தொல்லை இல்ல.

பச்சைத்திரை | 1:58
தூக்கிப்போடலாம். செமஸ்டர் நடுவில் ஒருவன் பாடத்தை விட்டால் எத்தனை சதவீதம் ஃபீஸ் திருப்பித் தர வேண்டும், உதவித்தொகையில் எவ்வளவு பிடிக்க வேண்டும், பட்டம் வாங்கத் தடை எப்போது விழும் என்ற விதிகள் எல்லாம் அந்த கோபாலுக்குள்தான் இருக்கின்றன. வேறெங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். புரோகிராமை வரி வரியாகப் படிக்காமல் ஈஆர்பி வாங்கினால் முதல் செமஸ்டரிலேயே மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அல்சூர்_அக்கா | 2:04
இதுல சார் சொல்றதுதான் நூத்துக்கு நூறு.

ஜாவா_ஜெயநகர் | 2:09
அப்போ லினக்ஸ்லயே க்னூகோபால் கம்பைலர் போட்டு ஓட்டுங்க, மாத்தவே வேணாம்.

மொழிக்குறி | 2:16
ஓட்டலாம், ஆனா வரிசை மாறும். எப்சிடிக்ல சின்ன எழுத்து, அப்புறம் பெரிய எழுத்து, கடைசியாத்தான் எண். ஆஸ்கில எண்தான் முதல்ல. எழுத்தும் எண்ணும் கலந்த ஐடி இருந்தா பழைய ரிப்போர்ட்டும் புது ரிப்போர்ட்டும் வரிக்கு வரி ஒத்துப்போகாது. ரெண்டு கோப்பை வரிசைப்படி ஒத்துச் சேக்குற மேட்ச்-மெர்ஜ் பேட்ச் புரோகிராம் இதுலயே விழுந்துடும்.

கேஆர்புரம்_குமரன் | 2:20
இதுக்குத்தான் எக்செல்ல போட்டு சார்ட் பண்ணிடுங்கன்னு சொல்றேன்.

சில்க்போர்டு_சிக்னல் | 2:22
குமரன், கொஞ்சம் பொறுங்க. நிவி, பாத்தீங்களா?

நிவி_இசிட்டி | மாலை 4:47
184ல உடைஞ்சதுல இருபது ஐடி போட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் கிரெடிட் 25 இல்லன்னா 125. 188ல உடைஞ்ச மூணு பேருக்கும் பாக்கி 1250க்கு மேல, 1260க்குள்ள. ரொம்ப நன்றி அக்கா. பைனரில அனுப்பச் சொல்லி மெயில் போட்டுட்டேன்.

அல்சூர்_அக்கா | 4:55
சந்தோஷம். கோப்பு வந்ததும் மொத்த அளவை 300ஆல வகுத்துப் பாரு, மீதி வரக் கூடாது. பைனரில வரி முடிவுன்னு ஒண்ணு இருக்காது, நீதான் 300 300ஆ வெட்டணும். லோடு பண்ணினதும் பாக்கி ஃபீல்டை மொத்தமா கூட்டி, அவங்க பக்கத்துக் கூட்டுத்தொகையோட ஒத்துப் பாக்காம டெமோவுக்குப் போகாதே. ரெக்கார்டு எண்ணிக்கை ஒத்துப்போச்சுன்னு நிறுத்திடாதே, பணம் ஒத்துப்போகணும்.

பச்சைத்திரை | 5:10
காப்பிபுக்கில் ரீடிஃபைன்ஸ் இருக்கிறதா என்றும் பார்க்கவும். இருந்தால் அதே பைட்டுகள் ஒரு ரெக்கார்டில் எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் இருக்கும். எது எப்போது என்பதை ரெக்கார்டு வகைக் குறியீடு சொல்லும்.

நிவி_இசிட்டி | மறுநாள் காலை 9:36
மீதி இல்லாம வகுபட்டுச்சு. கூட்டுத்தொகை சென்ட் வரைக்கும் ஒத்துப்போச்சு. ரீடிஃபைன்ஸ் ரெண்டு இடத்துல இருக்கு சார், அதைத்தான் இப்போ பாத்துட்டு இருக்கேன்.

மொழிக்குறி | 9:52
கோட் பேஜ் எதுன்னு சொன்னாங்க?