ஜிமேட் கிரிட்டிகல் ரீசனிங்: இன்னும் நானூறு கேள்வி போடுவதா, தப்பானதைத் திரும்பப் போடுவதா?

செங்காங்_மகிழ்:
வணக்கம். எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதன் மொழிப் பகுதியான வெர்பலில் 45 நிமிடத்தில் 23 கேள்வி. அதில் சின்னப் பத்தியில் உள்ள வாதத்தை அலசும் கிரிட்டிகல் ரீசனிங்தான் என்னைக் கவிழ்க்கிறது. நானூறு கேள்விக்கு மேல் போட்டாயிற்று. எளியவை சரியாக வருகின்றன. கடினமானவற்றில் மூன்று விடைகளைத் தள்ளிவிடுகிறேன், மிச்சம் இரண்டில் பெரும்பாலும் தப்பானதையே எடுக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு எட்டாகிவிடும். இன்னும் நானூறு போடுவதா, வேறு வழி இருக்கிறதா?

ஜூரோங்_கதிர்:
இன்னும் போடுங்கள், ஆனால் கடிகாரம் வைத்துப் போடுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடையாது. நான் சென்ற முறை எழுதியபோது நடுவில் நாலு கேள்வியில் நின்று யோசித்துவிட்டு, கடைசி ஐந்தை அவசரத்தில் அமுக்கினேன். முடிக்காமல் விட்டாலும் மதிப்பெண் அடிபடும். முதலில் கேள்வி வரியைப் படியுங்கள். வாதத்தை வலுப்படுத்தவா, பலவீனப்படுத்தவா, அனுமானமா (வாதம் சொல்லாமலே நம்பியிருப்பது) என்று தெரிந்தபின் பத்திக்குப் போங்கள். அந்த வேகம் எண்ணிக்கையில்தான் வரும்.

தேன்மொழி_அங்மோகியோ:
கதிர் தம்பி, மகிழ் நேரம் போதவில்லை என்று சொல்லவே இல்லையே. இரண்டில் தப்பானதை எடுக்கிறேன் என்கிறார். நானூறு கேள்வியில் சரியாகாத பழக்கம் எண்ணூறில் இன்னும் இறுகித்தான் போகும். ஒரு நாளைக்கு ஐந்து போதும். விடைகளைப் பார்க்கும் முன் முடிவு எது, ஆதாரம் எது, நடுவில் ஓட்டை எங்கே என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஈசூன்_ரவி:
எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சுற்றுவழியாகப் படுகிறது. இது ஆங்கிலம் பிடிபடாத சிக்கல். தினமும் ஆங்கிலத் தலையங்கம் படித்தால் தானாகச் சரியாகும்.

தேன்மொழி_அங்மோகியோ:
ரவி, 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியப் பிழை திருத்தும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். வெர்பலில் இப்போது பத்தி படிப்பதும் வாதம் அலசுவதும்தான். ஆங்கிலமா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தப்பான கேள்வியின் வாதத்தை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் ஆங்கிலம். சொல்லிவிட்டும் விடை தப்பு என்றால் ஆங்கிலத்தின் மேல் பழி போட முடியாது.

மகிழ், இதைப் போடுங்கள். நானே கட்டியது. இங்கே சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள் அல்லவா, அதை வைத்து:

'ஒரு பேரங்காடி பைக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆறு மாதத்தில் அங்கே கொடுத்த பைகள் பாதியாகக் குறைந்தன. ஆகவே அங்கே பொருள் வாங்கும் குடும்பங்கள் வீசும் பிளாஸ்டிக் பைகள் குறைந்துவிட்டன.'

இந்த வாதத்துக்கு எந்த அனுமானம் கட்டாயம் வேண்டும்?
அ) வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் துணிப்பை கொண்டுவரத் தொடங்கினர்.
ஆ) குறைந்த பைகளுக்கு ஈடாக அதே அளவு குப்பைப் பைகளை அந்தக் குடும்பங்கள் வாங்கவில்லை.

செங்காங்_மகிழ்:
அ. நானே துணிப்பைதான் கொண்டுபோகிறேன்.

தேன்மொழி_அங்மோகியோ:
அங்கேதான் சறுக்குகிறீர்கள். உலகத்தில் நடப்பதைத் தேர்ந்தெடுத்தீர்கள், கேட்டது வாதத்துக்கு எது தேவை என்று. ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் துணிப்பை கொண்டுவரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதுகுப்பையில் போட்டிருக்கலாம், கையில் தூக்கிப் போயிருக்கலாம். முடிவு அப்படியே நிற்கிறது. இப்போது ஆ-வை மறுங்கள். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கடைப்பையில் குப்பையைக் கட்டித்தானே குப்பைக் குழாயில் போடுகிறோம்? அது கிடைக்காமல் அதே அளவு குப்பைப் பை வாங்கினால் முடிவு விழுந்துவிடும். மறுத்தால் வாதம் விழவேண்டும், அதுதான் அனுமானம்.

ஜூரோங்_கதிர்:
அக்கா, நல்ல கேள்வி, ஆனால் இதே வாதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. கடைக்கு வரும் கூட்டமே பாதியாகி, வேறு கடைக்குப் போயிருந்தால்? மொத்த எண்ணிக்கையை வைத்து ஒவ்வொரு குடும்பத்தின் பழக்கத்தைச் சொல்ல முடியாது. அதை நான் படித்த உடனே பார்த்தேன். எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்பும் கேள்விகளை நிறையப் போட்டதால்தான் கண்ணில் பட்டது. நாளைக்கு ஐந்து போட்டிருந்தால் எத்தனை வகை ஓட்டையைப் பார்த்திருப்பேன்? வகை தெரிவதும் முக்கியம். பலவீனப்படுத்து என்றால் விடையில் உள்ளதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எதை முடிவாகப் பெறலாம் என்று கேட்டால் பத்திக்கு வெளியே ஓர் அடிகூடப் போகக் கூடாது. இரண்டுக்கும் மனம் எதிர்த்திசையில் வேலை செய்ய வேண்டும்.

தேன்மொழி_அங்மோகியோ:
கூட்டம் குறைவதை நான் யோசிக்கவில்லை, சரியான ஓட்டை. வகைப் பேச்சையும் ஏற்கிறேன். ஆனால் மகிழும் நானூறு பார்த்தவர்தானே? உங்களுக்கு ஏறியது அவருக்கு ஏறவில்லை. நீங்கள் தப்பானதை எழுதி வைத்தீர்களா?

ஜூரோங்_கதிர்:
வைத்தேன். ஒரு நோட்டு முழுக்க. ஏன் தப்பை எடுத்தேன், சரியானதை ஏன் தள்ளினேன் என்று இரண்டு வரி. அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பகுதியில் மூன்று விடைகளைத்தான் திரும்பப் போய் மாற்ற முடியும். சந்தேகமானதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைக்க வழி இல்லை.

செங்காங்_மகிழ்:
நேற்று விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, கடைசியாகத் தப்பான முப்பதைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டேன். முதலில் ஓட்டையை எழுதினேன், பிறகுதான் விடைகளைப் பார்த்தேன். இருபதில் சரியான விடை வந்துவிட்டது. பழைய விடை ஞாபகம் இருந்தது நான்கைந்தில் உதவியிருக்கும். மீதிப் பத்தில் ஆறு, கதிர் சொன்ன எண்ணிக்கை, விகிதக் கேள்விகள். அம்மாவிடம் இரண்டைத் தமிழில் சொன்னேன். இரண்டாவதில் அவரே 'அப்படின்னா எத்தனை பேர்ல எத்தனை பேர்?' என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஜூரோங்_கதிர்:
அந்த ஆறையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். நேரம் பார்க்காமலே சேர்ந்து போடுவோம். கடைசி மூன்று வாரம் கடிகாரம்.

தேன்மொழி_அங்மோகியோ:
மூன்று வாரத்துக்கு நான் சம்மதம். அதுவரை நோட்டு.