ஆட்டோமேட்டிக் வண்டி கியர் மாறும்போது இடிக்குது, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

ராத்திரி_ரவுண்டு: வணக்கம் மக்களே, ஆட்டோமேட்டிக் கார், கொஞ்ச நாளா கியர் மாறும்போது இஞ்சின் உர்ர்னு ஏறி அப்புறம் டம்முனு இடிக்குது. கியர்பாக்ஸ் போச்சா? காலைல குடும்பத்தோட கிளம்பணும், ஓட்டலாமா வேணாமா, சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

கிரீஸ்_கை: என்ன ஆட்டோமேட்டிக் ப்ரோ? எந்த கியர்ல இடிக்குது? எவ்ளோ ஓடிருக்கு? எடுத்ததுமேவா, சூடானப்புறமா?

ராத்திரி_ரவுண்டு: ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்தான், பி ஆர் என் டி இருக்கு, கிளட்ச் பெடல் இல்ல

பெரியவர்_பாக்ஸ்: அட தம்பி, கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே சாதி ஆயிடுமா? ஏஎம்டி உள்ள சாதா மேனுவல் பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் மெஷினே போடுது, அதுல தல முன்னாடி ஆடத்தான் செய்யும், பெரும்பாலும் பி-யும் இருக்காது. சிவிடில தனித்தனி கியரே கிடையாது, ரெண்டு புல்லிக்கு நடுவுல ஸ்டீல் பெல்ட், ஆர்பிஎம் ஏறி நிக்கிறது அதோட சுபாவம். இதெல்லாம் எத்தனையோ தடவ எழுதியாச்சு, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. மேனுவல் புக்க எடுத்துப் பாத்துட்டு வா.

சோலனாய்டு_பக்தன்: நூத்துக்கு நூறு சோலனாய்டு. கம்ப்யூட்டர் சொன்னதும் அதுதான் கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர தொறந்துவிடும், அந்த பிரஷர்தான் கிளட்ச் பேக்க, அதாவது பாக்ஸுக்குள்ள அடுக்கி வெச்ச கிளட்ச் தட்டுகள, இறுக்கும். பழைய கிளட்ச் விடுறதும் புதுசு பிடிக்கிறதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நடக்கணும், புதுசு லேட்டானா நடுவுல இஞ்சினுக்கு லோடு இல்லாம ஆர்பிஎம் எகிறும், அப்புறம் டம்முனு பிடிக்கும். சோலனாய்டு உக்காந்திருக்குற வால்வ் பாடிய இறக்கிடுங்க.

கிரீஸ்_கை: உங்களுக்கு எது வந்தாலும் சோலனாய்டுதான் 😄 கியர்பாக்ஸ் ஆயில் லெவல் பாக்காம வால்வ் பாடிய ஏன் இறக்கணும்?

மவுண்ட்_மணி: நிக்கும்போது பி-ல இருந்து ஆர் போட்டாலும் இடிக்குதா? அப்போ இஞ்சின தாங்குற ரப்பர் மவுண்ட்ட பாருங்க, பாக்ஸ் மேல பழி போடாதீங்க

ராத்திரி_ரவுண்டு: புக்ல 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர்னு இருக்கு, இஞ்சின் சுத்துறத ஆயில் வழியா பாக்ஸுக்கு கொண்டு போற வகையாம். நிக்கும்போது இடிக்கல. 2-ல இருந்து 3 போகும்போதுதான், அதுவும் சூடானப்புறம். வளைவுல திரும்பும்போது சில நேரம் இழுக்கவே மாட்டேங்குது, ஆக்சிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் வருது. அப்புறம் பேட்டரி மாத்தினோம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கிரீஸ்_கை: வளைவுல இழுக்கலன்னு இப்பதான் சொல்றீங்க! அதுதான் ப்ரோ முக்கியம். ஆயில் கம்மியானா திரும்பும்போது ஒரு பக்கம் ஒதுங்கிடும், பம்ப் காத்த உறிஞ்சும், பிரஷர் விழும், கிளட்ச் பிடிக்காது. பேட்டரி கழட்டினா சில வண்டில கத்துவெச்ச ஷிஃப்ட் கணக்கு அழிஞ்சு கொஞ்ச நாள் கரடுமுரடா மாறும், ஆனா அது வளைவுல மட்டும் வராது. காலைல எடுக்காதீங்க, வழுக்குற கிளட்ச்ச சூட்டோட ஓட்டினா கருகிடும். வண்டிக்கு அடில செவப்பா கசிவு இருக்கா, ஆயில் கூலர் பைப் ஜாயின்ட், பாக்ஸுக்கு அடில இருக்குற ஆயில் பேன் (தட்டு) ஓரமெல்லாம் பாருங்க.

பெரியவர்_பாக்ஸ்: லெவல் பாக்கவும் முறை இருக்கு. டிப்ஸ்டிக் (ஆயில் அளக்குற குச்சி) இருந்தா சமதளத்துல, சூடானப்புறம், பெரும்பாலான வண்டில இஞ்சின் ஓடும்போது பி-ல வெச்சுப் பாக்கணும், சிலதுல ஆஃப் பண்ணிட்டு. இப்ப நெறைய வண்டில டிப்ஸ்டிக்கே இல்ல, லிஃப்ட்ல ஏத்தி, புக்ல போட்ட ஆயில் சூடு வந்ததும் லெவல் பிளக்க தொறந்துதான் பாக்கணும். கருகின வாட அடிச்சா விஷயம் வேற.

சோலனாய்டு_பக்தன்: அப்படியே மெஷின் வெச்சு மொத்த ஆயிலையும் பிளஷ் பண்ணிடுங்க

மவுண்ட்_மணி: ஐயோ பண்ணாதீங்க, பழைய ஆயில்ல இருக்குற கிளட்ச் பொடிதான் பிடிப்பே குடுக்குது, புது ஆயில் ஊத்தினா பாக்ஸ் படுத்துடும்

சோலனாய்டு_பக்தன்: பொடி பிடிப்பு குடுக்குமா 😂 பொடி போய் வால்வ்ல அடைக்கும் சார்

பெரியவர்_பாக்ஸ்: ரெண்டு பேரும் பாதி பாதி சொல்றீங்க. தேஞ்ச பாக்ஸ்ல புது ஆயில் ஊத்தினப்புறம் படுத்தா அது ஏற்கனவே படுக்கப் போற பாக்ஸ், பழி மட்டும் ஆயிலுக்கு. டிரெயின் பண்ணி ஊத்தினா கன்வர்ட்டர்ல நிக்கிற ஆயில் வராது, அதனால கொஞ்ச நாள் விட்டு மறுபடி மாத்துறது எனக்குப் பிடிச்ச வழி.

மவுண்ட்_மணி: அனுபவத்துல பாத்தவன் நான், படிச்சவங்க பேசுங்க

ராத்திரி_ரவுண்டு: கூலர் பைப் ஜாயின்ட்ல கசிவு. சரி பண்ணி ஆயில் ஊத்திட்டாங்க, இப்ப ஓகே. நன்றி.

கிரீஸ்_கை: சூப்பர். எந்த ஆயில் ஊத்தினாங்க, புக்ல போட்ட அதே ஸ்பெக்கா? ஆயில் என்ன கலர்ல இருந்துச்சு? ஸ்கேனர்ல எரர் கோடு ஏதும் வந்துச்சா?

கிரீஸ்_கை: ப்ரோ?

புதுசு_2: எனக்கும் இதே பிரச்சனை, ஆனா இடிக்கல, 70-ல ஒரே சீரா போகும்போது வண்டி லேசா நடுங்குது

கிரீஸ்_கை: இது வேற பாஸ். நடுங்கும்போது ஆக்சிலேட்டர எடுக்காம இடது காலால பிரேக்க சும்மா தொடுங்க, காலி ரோட்ல மட்டும். நடுக்கம் உடனே நின்னா கன்வர்ட்டர் லாக்கப் (கன்வர்ட்டர நேரா பூட்டுற கிளட்ச்) மேல சந்தேகம், நிக்கலன்னா ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்க. டார்க் கன்வர்ட்டர்தானே உங்களுது?

புதுசு_2: ஆட்டோமேட்டிக்

பெரியவர்_பாக்ஸ்: தனி இழை போடு தம்பி.