நடை வீடியோவைப் போட்டால் "நொண்டுகிறார்" என்று மட்டும் எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

கோனியோமீட்டர்:
பிசியோதெரபி மூன்றாமாண்டுக்கு இந்தப் பருவம் முழுக்க ஆன்லைனில்தான் வகுப்பு. நடை ஆய்வுக்கு 22 நிமிட வீடியோ ஒன்றை நானே பேசித் தயாரித்தேன். இரண்டு வாரம் ராத்தூக்கம் போனது. ஒரு நடைச் சுழற்சியில் ஸ்டான்ஸ் (கால் தரையில் இருக்கும் நேரம்) 60 சதவீதம், ஸ்விங் (கால் காற்றில் இருக்கும் நேரம்) 40 சதவீதம் என்பதை எல்லோரும் தேர்வில் சரியாக எழுதிவிட்டார்கள். ஆனால் அதே தேர்வில் சின்ன நடை கிளிப் ஒன்றைக் காட்டி "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் "நோயாளி நொண்டுகிறார்" என்கிறார்கள். தெருவில் போகிறவருக்கும் அது தெரியுமே!

கேஸ் ஸ்டடியும் இதே கதைதான். முதல் வரியில் "52 வயது, சர்க்கரை நோய், தோள் வலி" என்று படித்ததுமே சாட்டில் "உறைந்த தோள்" (தோள் மூட்டு இறுகிப்போவது) என்று வந்து விழுகிறது. மீதி இரண்டு பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

பழைய வாத்தியார்:
அந்த 22 நிமிடத்தில் நன்றாகப் படித்தது நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி நாலைந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது நான் போடுவது 8 விநாடி, சத்தமே இல்லாமல். முதல் முறை இடுப்பை மட்டும் பார்க்கச் சொல்வேன், அடுத்து உடம்பின் மேல்பகுதி, அப்புறம் பாதம். ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்பிய பிறகுதான் வாய் திறப்பேன். டிரெண்டலன்பர்க் நடையில், வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு இறங்கும் இடத்தில் நிறுத்தி, "எந்தப் பக்கத் தசை பலவீனம்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் இறங்குகிற பக்கத்தையே காட்டுவார்கள். நின்றிருக்கும் காலின் குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்புப் பக்கத் தசைதான் இடுப்பைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தப்புக்குப் பிறகுதான் மண்டையில் ஏறும். அடுத்து, உடம்பையே பலவீனமான பக்கம் சாய்த்து நடக்கும் ஒருவரைக் காட்டுங்கள். அவருக்கு இடுப்பு இறங்காமலே இருக்கலாம். அங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும்.

நீங்களே படம் எடுத்தால் கேமரா இடுப்பு உயரத்தில், நேர் பின்னாலோ நேர் பக்கத்திலோ இருக்கட்டும். கோணலாக எடுத்தால் மூட்டுக் கோணம் பொய் சொல்லும். நோயாளியிடம் கற்பித்தலுக்கென்றே தனியாக எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து இதற்குச் செல்லாது.

கேஸ் ஸ்டடியை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நீங்களே நோயாளியாக உட்காருங்கள், கேட்டதற்கு மட்டும் பதில். என் தோள் கேஸுக்கு முதல் பக்கம் ஒன்று, முடிவு இரண்டு. ஒரு குழுவுக்கு, தானாகத் தூக்கினாலும் நாம் தூக்கினாலும் கை போகாது, வெளிப்புறச் சுழற்சியில் நன்றாகவே குறைவு. இன்னொரு குழுவுக்கு, தானாகத் தூக்க முடியாது, நாம் தூக்கினால் முழுதும் போகும். முதல் குழுவுக்கு உறைந்த தோள் சரி. இரண்டாவது குழு ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் அவற்றின் நாண்களும்) கிழிசலை யோசித்தாக வேண்டும். கூகுள் செய்தவர் மாட்டிக்கொள்வார்.

மூன்றாமாண்டு மாணவி:
மாணவியாக ஒன்று சொல்லட்டுமா? லாக்மன் பரிசோதனையை (கீழ்க்காலை முன்னால் இழுத்து, முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது) தம்பியின் வலது முழங்காலில் செய்து, செல்ஃபி கேமராவில் எடுத்து அனுப்பினேன். படம் கண்ணாடி மாதிரி திரும்பிவிட்டதால், "ஏன் இடது கால்?" என்று மதிப்பெண் போய்விட்டது. இப்போது முழங்காலுக்கு மேல் பேனாவில் "வலது" என்று எழுதிவிட்டுத்தான் எடுக்கிறேன். எழுத்து திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது. முதலில் "வ" மட்டும் எழுதினேன். வலதா, வலியா என்று அதற்கும் கேள்வி வந்தது.

முழங்கால்:
லாக்மனில் முழங்கால் 20-30 டிகிரி மடங்கியிருக்கிறதா, கை சரியான இடத்தில் பிடித்திருக்கிறதா என்பதுவரை வீடியோவில் திருத்தலாம். இழுக்கும்போது சட்டென்று நிற்கிறதா, மெத்தென்று போகிறதா என்பது கைக்குத்தான் தெரியும். நேரில் கிடைக்கும் நாட்களை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கோனியோமீட்டர்:
செவ்வாய்க்கிழமை 8 விநாடி கிளிப்பைச் சத்தமில்லாமல் போட்டேன். மூன்றாவது முறையில் ஒரு பையன் "இடது கை வீச்சு குறைவாக இருக்கிறது சார்" என்று எழுதினான். நான் எடுத்த வீடியோ, நூறு தடவை பார்த்தது, கண்ணில் பட்டதே இல்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான்.

தோள் கேஸுக்கு மூன்றாவது முடிவாக, தோளில் எல்லா அசைவும் சரி, கழுத்தைத் திருப்பினால்தான் வலி என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு நான்தான் நோயாளி.