கத்தி செய்யப் பழக முதல் கருவி: அரத்துக்கு ஜிக்கா, கிரைண்டருக்கு ஸ்டாண்டா?

அரக்காரன்:
கத்தி செய்யப் பழகுறவங்க எடுத்த எடுப்பிலேயே கிரைண்டர் வாங்க வேண்டாம். ரெண்டடிப் பலகை, 8 மி.மீ. நேர் கம்பி, நட்டைத் திருகி ஏத்தி இறக்குற மாதிரி ஒரு ஐ-போல்ட் (தலையில வளையம் உள்ள போல்ட்), 12 அங்குல பாஸ்டர்ட் (சொரசொரப்பான பல்) அரம் போதும். அரத்தைக் கம்பிக்கு அடியில இறுக்கி, கம்பியோட மறுமுனையை ஐ-போல்ட் கண்ணுக்குள்ள விடுங்க. கோணம் மாறாம பிடிக்கிற இந்த அமைப்புதான் ஜிக். கத்தியோட முதுகு போல்ட் பக்கம், வாய் உங்க பக்கம். 3 மி.மீ. கன எஃகுப் பட்டையில, வாய்க்கு 0.5 மி.மீ. விட்டு, 15 மி.மீ. அகலச் சரிவுன்னா பக்கத்துக்கு 1.25 மி.மீ. போகணும். அதாவது கிட்டத்தட்ட 5 டிகிரி. போல்ட்டுல இருந்து வாய் 250 மி.மீ. தூரம்னா கண்ணு 22 மி.மீ. உயரத்துல நிக்கணும்.

பொறிமழை:
22 வச்சா சரிவு ரொம்பப் படுத்துடும் சார். அரத்தோட கனமும் கம்பியில பாதியும் சேர்ந்து 10 மி.மீ. வருமே, அதைக் கூட்டலையே? 31 கிட்ட வரும். அது போகட்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில அரம் வழுக்கிட்டே போகும், தோள்பட்டை கழண்டுடும். 4 அங்குல கிரைண்டரை ஸ்டாண்டுல இறுக்கி 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்பு அடுக்கின வட்டு) போட்டா சட்டுனு முடியுற வேலை.

அரக்காரன்:
கனத்தை விட்டது என் தப்புதான். கணக்கே வேணாம்னா மொபைல் ஆங்கிள் ஆப்பைக் கம்பி மேல வச்சு 5 காட்டுற வரைக்கும் ஏத்துங்க. ஆனா வழுக்குறது அரத்தோட குத்தம் இல்ல, பதம் இறக்காத, அதாவது கடினத்தைக் குறைக்காத பட்டையை ராவினா அப்படித்தான். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு (770 டிகிரி) மேல கொஞ்சம் ஏத்தி, மரச்சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க விடுங்க. தள்ளும்போது மட்டும் அழுத்தணும். அரத்துப் பல்லுல சாக்பீஸ் தேய்ங்க. தூள் அடைச்சா அதுதான் ஆழமா கீறும், அப்புறம் எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் அந்தக் கோடு போகாது. கிரைண்டர் சூட்டுல கத்தி மேல நீல நிறம் ஓடிச்சுன்னா பதமே போச்சு.

பொறிமழை:
பதம் வைக்கிறதுக்கு முன்னால நீலம் ஓடினா என்ன நஷ்டம்? எப்படியும் திரும்பக் காய்ச்சத்தானே போறோம். பதம் வச்ச பிறகுதான் வம்பு. டெம்பர் பண்றது (பதம் வச்ச பிறகு லேசா திரும்பச் சூடாக்குறது) 200 டிகிரியில, நீலம் 300 பக்கம். விரல் சூடு பொறுக்கலைன்னா தண்ணியில முக்கிக்கிட்டே தேய்க்கணும், அவ்வளவுதான்.

உலைமூட்டி:
ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு. அந்த டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். கத்தி நுனி விளிம்புல மாட்டினா கையை விட்டுப் பறக்கும். டிஸ்க்கை மூடுற கார்டைக் கழட்டாதீங்க, துணிக் கையுறை வேண்டாம், கால் சுவிட்ச் வைங்க. பட்டையைக் காய்ச்ச உலை கட்டுறவங்க காத்துக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் போடாதீங்க. சூட்டுல துத்தநாகம் வெள்ளைப் புகையா வரும், சுவாசிச்சா குளிர் காய்ச்சல்தான். கறுப்பு இரும்புக் குழாய் வாங்குங்க.

பொறிமழை:
கால் சுவிட்ச் சரி, வச்சுக்கலாம். ஆனா ஜிக் மட்டும் ஒழுங்கா? 10 மி.மீ. கண்ணுல 8 மி.மீ. கம்பி 2 மி.மீ. ஆடும், 250-க்கு அரை டிகிரி. அதான் பலருக்குச் சரிவு உருண்டையா வருது.

அரக்காரன்:
தள்ளும்போதெல்லாம் கைப்பிடிப் பக்கம் லேசா அழுத்தியே வச்சா மறுமுனை கண்ணோட மேல் விளிம்பை ஒட்டியே ஓடும், ஆட இடமில்ல. டிகிரியையும் அப்படி அழுத்தி வச்சே பாருங்க.