மறு: ஜெட் இன்ஜினின் கம்ப்ரசர் ஸ்டால், சர்ஜ் - பாடநூலுக்குத் தமிழில் என்ன?

> ‘இயந்திர நிறுத்தம்’ என்று போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, தப்பாகப் புரியும் என்பதுதான் என் பயம். ஸ்டால் என்றால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மேட்டில் ஆஃப் ஆகி நிற்கும் வண்டிதான். ஜெட் இன்ஜினில் கதை வேறு. காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்துவிட, உள்ளே அழுத்தம் ஏறி நிற்கும் காற்று வந்த வழியே முன்பக்கம் பீறிடுகிறது. டமார் என்று சத்தம், முன்னும் பின்னும் தீ நாக்கு, விமானமே உதறும். இத்தனைக்கும் இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

புறப்படும் ஓட்டத்தில் வீ1 வேகத்தை (அதற்கு மேல் போனால் ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாது) தாண்டிய பிறகு இது நடந்தால் பிரேக் போடக் கூடாது, ஏறத்தான் வேண்டும். ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்கி, ரடரை (வால் சுக்கானை) மிதித்து நேராகப் பிடித்து, குறைந்தது 400 அடி வரை இன்ஜின் பக்கம் கையே கொண்டுபோவதில்லை. அப்புறம் எந்த இன்ஜின் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி, அதன் உந்துவிசை லீவரை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். இதற்குப் போய் ‘நிறுத்தம்’ என்று பெயர் வைப்பதா?

இன்ஜின் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 1989 ஜனவரி 8 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய போயிங் 737 ஏறிக்கொண்டிருந்தபோது இடது இன்ஜினில் விசிறி பிளேடு முறிந்து இதே உதறல். விமானிகள் நல்ல வலது இன்ஜினை நிறுத்தினார்கள். அதே நேரம் இடது பக்க உதறலும் அடங்கவே, சரியாகத்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்கள். இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்து 47 பேர் இறந்தார்கள்.

என் பரிந்துரை: எதுக்களிப்பு.

> கைக்குழந்தைக்குச் சொல்லும் சொல், பாடநூலில் சிரிப்பார்கள். ‘காற்றுப் பின்னோட்டம்’ கௌரவமாக இருக்கிறது.

சிரிக்கட்டும் அம்மா, மறக்கமாட்டார்கள். பின்னோட்டத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: ஜெட் இன்ஜினில் காற்று பின்னோக்கி ஓடுவதுதான் முறை! உள்ளே போனது வாய்க்கே திரும்புவதை எதுக்களிப்பு ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. தானாக அடங்கினால் ‘மீளும் எதுக்களிப்பு’, அடங்காவிட்டால் ‘மீளா எதுக்களிப்பு’ என்று நீட்டவும் வசதி.

கம்ப்ரசரை அப்படியே விட்டுவிடலாம். தர்மபுரியில் வற்றிப்போன போர்வெல் வைத்திருக்கும் எந்தக் காட்டுக்காரருக்கும் அது தெரிந்த சொல்.

ஒன்று மட்டும் பாக்கி. துல்லியமாகப் பார்த்தால் மொத்தக் காற்றோட்டமும் திரும்புவது சர்ஜ்; சில பிளேடுகளில் மட்டும் காற்று பிரிவது ஸ்டால். எதுக்களிப்பு முன்னதற்கே பொருந்தும். பின்னதற்கு ‘ஒட்டறல்’ (ஒட்டு அறுவது) என்று யோசித்தேன். ஆனால் ஒட்டு என்றால் இங்கே மாங்கன்றுதான் கண்முன் நிற்கிறது. வேறு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.